நடுவில் இருந்த குசினி

அந்தச் சுவரையோ கேக்கிறீர், பிள்ளை? ஓம், உம்மடை புத்தகத்துப் படத்தில அது இல்லைத்தான். அந்தப் படம் கட்டி முடிஞ்ச கையோடை எடுத்தது. சுவர் பிறகு நாங்கள் எழுப்பினது. கொழும்பிலயிருந்து வாற ஆக்கள் எல்லாரும் உள்ளுக்கு வந்த உடனை இதைத்தான் கேக்கினம். போன மாசம் ஒரு வெள்ளைக்காரன் வந்து சுவரைச் சுத்திச் சுத்தி நடந்திட்டு, தலையில கையை வைச்சுக்கொண்டு நிண்டான். ஒரு சுவருக்கு இந்தப் பாடோ எண்டு நான் சிரிச்சனான்.

இரும், அந்தக் கதிரையை இழுத்துப் போட்டு இரும். சொல்லுறன். நான் தவமலர் ரீச்சர். இந்த வட்டாரத்தில என்னைத் தெரியாத ஆளில்லை. பாதிச் சனம் என்னட்டைப் படிச்சது, மிச்சம் என்னட்டை அடி வாங்கினது. பென்சன் எடுத்த நாளிலயிருந்து இந்த மண்டபத்துச் சபைக்கு நான்தான் தலைவி. வேண்டாம் வேண்டாமெண்டு சொல்லச் சொல்லத் தூக்கி இருத்திப் போட்டினம்.

பழைய மண்டபம் செல்லடியில போனது. சண்டை முடிஞ்சு ரவுன் முழுக்கக் கட்டத் தொடங்கிட்டாங்கள். வங்கிக்குக் கண்ணாடி, புடவைக்கடைக்குக் கண்ணாடி, ரோட்டால போகேக்கை கண் கூசும். எங்கடை மண்டபம் மாத்திரம் ஆடு கட்டுற இடமாக் கிடந்தது. கனடாவில எங்கடை ஊர்ச் சங்கத்துக்கு என்ரை மகன் பிரதாபன்தான் செயலாளர். அவங்கள் கட்டித் தாறமெண்டாங்கள், ஆனா மேசன் நினைச்சபடி கட்டக்கூடாது, ஒரு ஆர்க்கிரெக்ட் கீறவேணும், அதுவும் இஞ்சத்தை ஆளா இருக்கவேணும் எண்டு நிண்டாங்கள். அப்பிடி வந்தவதான் சுகிர்தா.

முதல் நாள் என்ரை வீட்டுக்கு வந்தவ. வந்த பிள்ளை படலையடியில நிண்டு, நான் ரெண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் உள்ளுக்கு வந்து கதிரை நுனியில இருந்தா. அடக்கம் எண்டால் அப்பிடி ஒரு அடக்கம். நான் தேத்தண்ணியும் வடையும் கொண்டு வந்து வைச்சன். தொடேல்லை. "வேண்டாம் ரீச்சர், நான் வெளியில ஒண்டும் குடிக்கிறேல்லை" எண்டிட்டு, தன்ரை பையுக்கை இருந்த போத்தல் தண்ணியை எடுத்துக் குடிச்சா. எனக்கு எவ்வளவு சந்தோசம் எண்டு நினைக்கிறீர்? எங்கடை பெரிய மாமா அப்பிடித்தான். கலியாண வீட்டுக்குப் போனாலும் தன்ரை செம்பில தன்ரை தண்ணி. அவ்வளவு ஆசாரம். இந்தக் காலத்தில, கம்பசில படிச்ச பிள்ளை, பிறத்தியார் வீட்டில வாய் நனைக்காது எண்டால் அது எப்பிடியான குடும்பத்துப் பிள்ளையா இருக்கவேணும்?

நான் கேக்கேல்லை, பிள்ளை. ஆற்றை பிள்ளை, எந்தப் பகுதி எண்டு ஒரு சொல்லுக் கேக்கேல்லை. அப்பிடியான பிள்ளையிட்டை அதைக் கேக்கிறதே மரியாதையில்லை. தகப்பன் செல்லடியில போனவராம், தாய்தான் வளர்த்தவவாம். அது போதும் எனக்கு. இன்னுமொண்டு, அண்டைக்குப் போகேக்கை, "ரீச்சர், பின்வளவில ஒரு மாமரம் நிண்டதெல்லோ?" எண்டு கேட்டா. செல்லடியில முறிஞ்சு போச்செண்டன். ஓ எண்டா. உமக்கெப்பிடி அது தெரியும் எண்டு கேக்க எனக்குத் தோன்றேல்லை. எங்கடை வீட்டு மாமரம் ரவுன் முழுக்கத் தெரிஞ்ச மரம்தானே.

பிறகு படம் கீறிக்கொண்டு வந்தா. கீறினது மாத்திரமில்லை, மட்டையில குட்டி மண்டபம் ஒண்டும் செய்து கொண்டு வந்தா. நாலு பக்கமும் திறந்து கிடக்கு. மேடை இல்லை, நிலம் முழுக்க ஒரே மட்டம். குசினி நட்டநடுவில. இடுப்பளவுக்கு வட்டமா ஒரு கட்டு, அதுக்குள்ள அடுப்பு, மேல கூரையில புகை போக ஒரு வாய். அடுப்பைச் சுத்தித்தான் பந்தி. சமைக்கிற ஆள் சாப்பிடுற ஆளைப் பாக்கும், சாப்பிடுற ஆள் சமைக்கிற ஆளைப் பாக்கும். எங்கடை சபைச் செயலாளர் சோதிலிங்கத்தாருக்கு விளங்கேல்லை. எங்க பிள்ளை பின்பக்கம் எண்டு கேட்டார்.

"ஐயா, இந்த மண்டபத்துக்குப் பின்பக்கம் எண்டு ஒண்டு இல்லை. எந்தப் பக்கத்தால வந்தாலும் முன்பக்கம்தான்."

அப்பிடித்தான் சொன்னவ. நல்ல வடிவான கதையெண்டு நான் கை தட்டினனான். பழைய மண்டபத்தில பின்னுக்கு ஒரு பத்தி இருந்தது, தகரம் சாய்ச்சுப் போட்ட இடம். சமையல் அதிலதான். வேலைக்கு வாற ஆக்கள் இருந்து சாப்பிடுறதும் அதிலதான். ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்லை. இனிப் பத்தி தேவையில்லை, ஆசாரமான பிள்ளையே சொல்லுது, நடுவில வைச்சால் சமையல் சுத்தமோ எண்டு கண்ணாலை பாக்கலாமெல்லோ எண்டு நான்தான் சபைக்கு எடுத்துச் சொன்னனான். கனடாக்காரருக்கும் நல்லாப் பிடிச்சுப் போச்சு.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பிள்ளை பட்ட பாடு பெரிய பாடு. வெயில் மழை பாக்காமல் மேசன்மாரோடை நிண்டா. மண்டபம் எழும்ப எழும்ப, எனக்கு அந்தப் பிள்ளையிலயும் ஒரு பட்சம் வந்திட்டுது. ஒரு நாளும் என்ரை வீட்டுக் குசினிப் பக்கம் எட்டிப் பாத்ததில்லை. ஒரு நாளும் ஒரு மிடறு வாங்கிக் குடிச்சதில்லை. என்ன வளர்ப்பு, என்ன வளர்ப்பு எண்டு நான் சொல்லாத ஆளில்லை. திறப்பு விழாவுக்கு முதல் அடுப்பை மூட்டிப் பால் காய்ச்சுறது சுகிர்தாதான் எண்டு சபையில முடிவெடுத்து, அழைப்பிலயும் அடிச்சுப் போட்டம். நான் ரகசியமா இன்னொண்டும் நினைச்சிருந்தன். என்ரை பிரதாபன் இன்னும் கலியாணம் கட்டேல்லை. வீடியோவில கூட்டம் நடக்கேக்கை அவன் அந்தப் பிள்ளையோடை கதைக்கிற கதையைப் பாத்தனான். கேட்டன். ஓமம்மா எண்டு உடனை சொல்லிப் போட்டான். எத்தினை சாதகம் காட்டியும் வாய் திறக்காதவன்.

நல்ல நாள் பாத்து, வெத்திலை பாக்கு, கதலிப்பழம் எல்லாம் தட்டில எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் தாயைப் பாக்கப் போனன். ரவுனுக்கு வெளியில சின்ன வீடு, வடிவான வீடு. பிள்ளை வேலைக்குப் போயிட்டுது. தாய்க்காரி வந்து கதவைத் திறந்தவ என்னை அப்பிடியே பாத்துக்கொண்டு நிண்டா. நான் இன்னார் எண்டு சொல்லவே தேவையில்லாத மாதிரி, "வாங்கோ ரீச்சர்" எண்டா. இருந்தன். தட்டை மேசையில வைச்சன். என்னத்துக்கு வந்தனெண்டு நான் தொடங்க முதலே உள்ளுக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்திட்டா. பொன் கரை போட்ட கப், சோசர்.

நான் குடிச்சன், பிள்ளை. முழுக்கக் குடிச்சன். அவ இருக்கேல்லை. நான் குடிச்சு முடியும்வரை சுவரோடை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டா. நல்ல தேத்தண்ணி, சீனி கணக்கா இருக்கு எண்டன்.

"ரீச்சருக்கு ரெண்டரைக் கரண்டியெல்லோ. மறப்பனோ? நான் கிளி, ரீச்சர். உங்கடை குசினிக்குப் பின்னால மாமரத்தடியில இருந்து தேங்காய்ச் சிரட்டையில குடிச்ச கிளி. இது நான் குடிக்கிற கப்தான். நல்லாக் கழுவினனான்."

கப்பைத் தள்ளி வைச்சன். இராசகிளி! எங்கடை வீட்டில மா இடிச்சு, உடுப்புத் தோய்ச்சு, முத்தம் கூட்டித் திரிஞ்சவள். ஒரு சின்னப் பெட்டையும் சீலையைப் பிடிச்சுக்கொண்டு வரும், மாமரத்தடியில இருந்து மண்ணில கோடு கீறிக்கொண்டிருக்கும். நானே எத்தினை தரம் உயரத்திலயிருந்து சிரட்டைக்குள்ள தேத்தண்ணி ஊத்தியிருக்கிறன். அவள் இப்ப என்னை இருத்தி வைச்சு, தன்ரை வாய் வைச்ச கப்பில குடிக்கத் தந்திட்டு, நிண்டு பாக்கிறாள். நெஞ்சில எவ்வளவு கறள் இருந்தால் ஒரு மனிசி அப்பிடிச் செய்வாள்? நான் தட்டைத் தூக்கினன். வெத்திலையும் பழமும் வைச்சது வைச்சபடி திருப்பி எடுத்துக்கொண்டு, இந்த ரோட்டால போன நான் சும்மா எட்டிப் பாத்தனான் எண்டிட்டு வந்திட்டன்.

வீட்டை வந்து அழுதன், பிள்ளை. உண்மையா அழுதன். மருமகள் எண்டு நினைச்சுப் போட்டன். ஒரு சொல்லு முதலே சொல்லியிருக்கலாமெல்லோ? நாங்கள் என்ன கடிச்சுத் தின்னுறமோ? போத்தல் தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு என்ரை கண்ணைக் கட்டிப் போட்டாள். ஏன்தான் அவள் எங்கடை வீட்டில குடிக்கேல்லை எண்டு எனக்கு இண்டை வரைக்கும் விளங்கேல்லை. எங்கடை வீட்டுத் தேத்தண்ணியில என்ன குறை? பெருமை, வேறை என்ன. பிரதாபனுக்குச் சாதகம் பொருந்தேல்லை எண்டு சொல்லிப் போட்டன். சாதகம் வாங்கவே இல்லையேயம்மா எண்டான். அவனுக்கு உதெல்லாம் தெரியாது. இப்ப அவன் அவ்வளவா கோல் எடுக்கிறேல்லை. வேலை கூடப் போல.

நீர் என்னைப் பிழையா விளங்கக்கூடாது. நான் சாதி பாக்கிற ஆளில்லை. இடம்பெயர்ந்து போகேக்கை ஆற்றை கிணறு எண்டு கேட்டோ குடிச்சனாங்கள்? விடாயில உயிர் போகுது, கேக்கேலுமோ? ஆனா அது ரோட்டில. இது மண்டபம். நாளைக்கு ஆற்றையேன் கலியாணம் நடக்கும். நடுவில அடுப்பு, அதில பால் காய்ச்சினது கிளியின்ரை மகள் எண்டால் ஆர் வருவினம்? நான் சபைக்குச் சொல்லவே பயந்தனான். சொன்னன். சோதிலிங்கத்தார் ரெண்டு கையாலயும் வாயைப் பொத்தினார்.

அழைப்போ கனடா வரைக்கும் போயிட்டுது. பால் காய்ச்ச வேண்டாமெண்டு அவளுக்குச் சொன்னால் பெரிய கதையாப் போகும். நான் இருந்து யோசிச்சன். வாஸ்துக்காரர் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினன். நடுவில நெருப்புக் கூடாது, அது பிரமஸ்தானம், சபைத் தலைவிக்கே ஆகாது எண்டு அவர் ஒரேயடியாச் சொல்லிப் போட்டார். நானாச் சொல்லேல்லை, சாத்திரம் சொல்லுது. மேசன்மாரை விட்டு அடுப்பைச் சுத்திக் கூரை வரைக்கும் சுவர் எழுப்பினம். புகைவாயை அடைச்சம். பின்னுக்குத் தகரம் சாய்ச்சு ஒரு பத்தி இறக்கினம். நடு அறை இப்ப கதிரை அடுக்கத் தோதா இருக்கு.

திறப்புக்கு முதல் நாள் அவள் வந்தாள். செருப்பைக் கழட்டினவள் அப்பிடியே நிண்டாள். பிறகு போய்ச் சுவரில கையை வைச்சாள். பூச்சுக் காயேல்லை, அஞ்சு விரலும் பதிஞ்சு போச்சு. பிறகு மேசனைக் கூப்பிட்டு நான் அதைத் திருப்பிப் பூசுவிக்க வேண்டிக் கிடந்தது. வாஸ்துப் பிழை பிள்ளை எண்டன். அம்மாவிட்டைப் போனனீங்களாம் எண்டாள். ஓம், போற வழியில எண்டன். வாசல் பக்கம் திரும்பினாள்.

"கல்லில இருக்கிற என்ரை பேரை எடுத்து விடுங்கோ, ரீச்சர். இது நான் கட்டினதில்லை."

வாசல்ல ஒரு கல்லு நாட்டியிருந்தம், எல்லாற்றை பேரும் வெட்டி. என்ரை பேர், பிரதாபன்ரை பேர், கீழ அவளின்ரை பேர். அதை எடுக்கட்டாம். எப்பிடிப் பிள்ளை எடுக்கிறது? எடுத்தால் சனம் என்ன சொல்லும்? சாதி பாத்துத்தான் எடுத்தவை எண்டு சொல்லாதோ? நான் மாட்டன் எண்டு சொல்லிப் போட்டன். உமக்குத் தாற மரியாதையைத் தராமல் விடமாட்டன் எண்டும் சொன்னன்.

அடுத்த நாள் அவள் வரேல்லை. பாலைப் பின்பத்தியில நான்தான் காய்ச்சினன். அவளுக்கெண்டு வாங்கின பொன்னாடையைச் சும்மா விடேலுமோ, பேரைச் சொல்லி வெறுங் கதிரைக்குப் போர்த்தினம். எல்லாரும் கை தட்டினவை. தேத்தண்ணி குடுக்கிறதுக்கும் நான் ஒரு வழி கண்டு வைச்சிருந்தன். எல்லாருக்கும் கடுதாசிக் கப். ஐயருக்கும் கடுதாசி, முத்தம் கூட்டுற மனிசிக்கும் கடுதாசி. குடிச்சிட்டு எறிஞ்சிட்டுப் போறதுதானே. இனி ஆரும் எங்களைப் பாத்து ஒரு சொல்லுச் சொல்லேலுமோ? எல்லாத்துக்கும் மூளை வேணும், பிள்ளை.

ஆனா கட்டடத்தில அவள் விட்ட பிழையும் இருக்குத்தான். மத்தியானத்தில உள்ளுக்கு இருக்கேலாது, அவ்வளவு வெக்கை. பத்தியில அடுப்பு மூட்டினால் புகை முழுக்க மண்டபத்துக்குள்ளதான். படிச்ச பெட்டை, காத்துப் போக ஒரு வழி விடத் தெரியேல்லை.

பிறகு நடந்ததுதான் கொடுமை. ஒரு நாள் காலமை, பட்டப்பகல், நான் கோயிலுக்குப் போன நேரம், கிளி உளியும் சுத்தியலும் கொண்டு வந்து அந்தக் கல்லைக் கொத்தியிருக்கிறாள். மகளின்ரை பேரை மாத்திரம். என்ரை பேரில ஒரு கீறல் இல்லை, அவ்வளவு நிதானம். பொடியள் ஓடிவந்து பிடிக்கேக்கை அவள் ஓடவும் இல்லையாம். படியில இருந்து உளியை மடியில வைச்சுக்கொண்டு மூச்சு வாங்கினாளாம். பொதுச்சொத்தெல்லோ, நான் பொலிசுக்குச் சொன்னன். வயசு போன மனிசியைப் பொலிஸ் நிலையத்து மர வாங்கில இருத்தி வைச்சிட்டாங்கள். பின்னேரம் மகள் என்னைத் தேடி ஓடி வந்தாள். படலையடியிலயே நிண்டாள். ரீச்சர், அம்மாவுக்குப் பிரசர் இருக்கு, விடச் சொல்லுங்கோ எண்டு அழுதாள். நான் கல் நெஞ்சுக்காரியில்லை. விடச் சொல்லுறன், ஆனா ரெண்டுபேரும் மண்டபத்துக்கு வந்து சபைக்கு முன்னால மன்னிப்புக் கேக்கவேணும் எண்டன்.

வந்தவை. இந்தா, இந்த இடத்திலதான் நிண்டவை, சுவருக்கு முன்னால. இருக்கச் சொன்னம், இருக்கேல்லை. பெட்டை நிலத்தைப் பாத்துக்கொண்டு, அம்மாவுக்காக மன்னிப்புக் கேக்கிறன் எண்டாள். குரல் வெளியில வரேல்லை. கேக்கேல்லை, பலமாச் சொல்லு எண்டு சோதிலிங்கத்தார் சொன்னார். திருப்பிச் சொன்னாள். நான் மன்னிச்சன். புதுப் பேர் போடப்போறம், முந்தியதைவிடப் பெரிசாப் போடப்போறம் எண்டும் சொன்னன். அப்பதான் கிளி வாயைத் திறந்தாள்.

"ரீச்சர், உங்களிட்டை வேறை ஒண்டும் கேக்கேல்லை. அவளின்ரை பேரை மட்டும் இதில போடாதையுங்கோ."

சொல்லிப்போட்டு ரெண்டு கையையும் எடுத்து என்னைக் கும்பிட்டாள். கைவிரல் எல்லாம் உளி பட்டு வெடிச்சுக் கிடந்தது. நான் எழும்பிப் போய் அந்தக் கையைத் தொட்டுக் கீழ இறக்கினன், பிள்ளை. எல்லாரும் பாக்கத் தொட்டன். எடி கிளி, உன்ரை பிள்ளைக்கு நாங்கள் செய்யாமல் ஆர் செய்யிறது, இதுக்குப் போய் ஏன் கும்பிடுறாய் எண்டன். சபை முழுக்கக் கை தட்டிச்சு. சோதிலிங்கத்தாருக்குக் கண் கலங்கிப் போச்சு. அவள் கும்பிட்ட கையை விரிக்கேல்லை, அப்பிடியே வைச்சுக்கொண்டு நிண்டாள். மகள்தான் தோளில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனது. போகேக்கை ஒரு நன்றி, ஒரு போயிட்டு வாறம், ஒண்டும் இல்லை.

பெட்டை இப்ப கட்டடம் கீறுறதில்லையாம். எங்கையோ வன்னிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிக்கிறாளாம். நல்லதுதானே, ரீச்சர் வேலை மாதிரி மரியாதையான வேலை உண்டோ?

வாரும், வாசல்ல இருக்கிறதைக் காட்டுறன். கல்லெண்டால் உளிக்கு உதிரும், அதாலை அவளின்ரை பேரைப் பித்தளைத் தகட்டில அடிப்பிச்சு, நாலு மூலைக்கும் ஆணி இறுக்கிப் போட்டன். என்ரை பேரெல்லாம் வெயிலில மங்கிப் போச்சு. அவளின்ரை பேர் மாத்திரம் அப்பிடியே பளபளக்குது பாரும். வேறை ஆரையும் நான் தொட விடுறேல்லை. வெள்ளிக்கு வெள்ளி நான்தான் பழப்புளி போட்டு மினுக்கிறனான்.